சிங்க்குக்கு அடியில் பிரியும் தண்ணீர்

சென்னை அடுக்ககம் ஒன்றின் சமையலறைக் குழாயில் காலையில் வருவதும் மாலையில் வருவதும் ஒரே தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. கீழே சம்ப்பில் மெட்ரோ தண்ணீர் விழுகிறது. அது போதாத நாளில் போர் மோட்டாரைப் போடுகிறார்கள். கோடை முற்றினால் லாரி வந்து நிற்கிறது. எல்லாம் ஒரே சம்ப்பில் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து நம் குழாய்க்கு இறங்குகின்றன. மெட்ரோ தண்ணீரும் ஒரு கலவைதான். பூண்டிக்கு வந்து சேரும் கிருஷ்ணா நீர், வீராணம் ஏரி நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலிலிருந்து பிரித்தெடுக்கும் நீர் என்று பகுதிக்குப் பகுதி அதன் சேர்மானம் மாறும். ஆகவே சிங்க்குக்கு அடியில் சுத்திகரிப்புக் கருவி பொருத்த நினைப்பவர் முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து தண்ணீரில் கரைந்த மொத்தப் பொருள்களை (டி.டி.எஸ்.) காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கட்டும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் குழாய்த் தண்ணீரை அளந்து எழுதி வைக்கட்டும். எந்தக் கருவி வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும்.

பேனா அளவுள்ள அந்த மீட்டரின் அடியில் இரண்டு சிறு உலோக முனைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்புகள் அயனிகளாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமப்பதால், உப்பு கூடக் கூடக் கடத்தலும் கூடும். அந்தக் கடத்துதிறனை ஒரு மாறா எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைபொருள் என்று திரையில் காட்டுகிறது. எளிய, நம்பகமான கருவி. ஆனால் அதன் பார்வை குறுகியது. சாக்கடை கசிந்த தண்ணீரிலும் அது 300 என்று காட்டக்கூடும். கிருமிகளை அது அறியாது. ஆர்சனிக், ஈயம் போன்றவை உடலைக் கெடுக்க லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்களே போதும். நூற்றுக்கணக்கான மில்லிகிராம்களைக் காட்டும் திரையில் அவை எங்கே தெரியப் போகின்றன? போர் தண்ணீர் குடிக்கும் வீட்டார் ஒரு முறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வித்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விற்பனைக்கு வருபவர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களை மேசைமேல் வைக்கிறார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கிய நீர். உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார். குழாய்த் தண்ணீர் சில நொடிகளில் பழுப்பாகி, சகதியாகத் திரள்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் பெற்றோர் அந்த இடத்திலேயே பணத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். உண்மையில் அந்தச் சகதி தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாக வீழ்படிகிறது. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அதில் இரும்பு வேகமாகக் கரைகிறது, ஆர்.ஓ. நீர் சரியாகக் கடத்தாததால் அதில் கரைவதில்லை. ஆர்.ஓ. தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி முக்கச் சொல்லிப் பாருங்கள், அதுவும் பழுப்பாகும். பயத்தைக் காட்டிப் பொருளை விற்கும் இந்த ஏமாற்று, நல்ல தண்ணீர் வரும் வீடுகளையும் கருவி வாங்க வைத்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐ.எஸ். 10500, கரைபொருளுக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடை செய்யும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தை அறிவுறுத்தியது. காரணம், அந்தக் கருவி வீணாக்கும் தண்ணீர். தென்சென்னையில் நெம்மேலி நீர் மட்டும் வரும் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடற்கரையில் ஒரு முறை சவ்வின் வழியே பெரும் மின்செலவில் பிழிந்த நீரை, சமையலறையில் இன்னொரு முறை அதே வகைச் சவ்வில் பிழிந்து, பாதிக்கு மேல் சாக்கடையில் விடுகிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு வண்டல் வடிகட்டி, கரி வடிகட்டி, புற ஊதா விளக்கு என்ற மூன்றுமே போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைத் தடுக்கத்தான் வந்தது. ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவியாகும் அளவுக்கு அது இன்னும் செறிவாகும். புற ஊதா ஒளி அதைத் தொடவே செய்யாது. அங்கே போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்.ஓ. உண்மையாகவே காப்பு.

உங்கள் தாளில் 800, 1100 என்று எழுதியிருந்தால், சரி, ஆர்.ஓ. தேவை. இனி அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பிரெஞ்சுப் பாதிரியார் ழான் அந்துவான் நொல்லே 1748-இல் சாராயம் நிறைந்த பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். சவ்வு உப்பிக்கொண்டது. தண்ணீர் உள்ளே புகுந்தது, சாராயம் வெளியே வரவில்லை. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும் இந்த இயல்புதான் சவ்வூடு பரவல். அதைத் தலைகீழாக்க வேண்டுமானால் உப்புப் பக்கத்தை அழுத்த வேண்டும். கொள்கை எளிது, அதைத் தாங்கும் சவ்வு கிடைக்க இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. 1950-களின் இறுதியில் ஃப்ளோரிடாவில் ரீடும் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிடேட் தாள் உப்பை நிறுத்திவிடுகிறது என்று காட்டினார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன ஸ்ரீநிவாச சௌரிராஜனும் இதே தாளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கடையில் கிடைத்த தாளைத் தண்ணீரில் சூடாக்கிச் சோதித்தபோது, ஒரு முறை அது நன்றாக வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. தாளின் எந்தப் பக்கம் உப்பு நீரைப் பார்க்கிறது என்பதில்தான் விஷயம் இருந்தது. தாளின் ஒரு முகம் மட்டும் அடர்த்தியான மெல்லிய தோலாகவும், மற்ற பகுதி துளைகள் நிறைந்ததாகவும் இருந்தது. உப்பைத் தடுப்பது தோல். மற்றது வெறும் தாங்கல். இதைப் புரிந்துகொண்ட இருவரும் அப்படிப்பட்ட சவ்வை வேண்டுமென்றே தயாரித்தார்கள். நீரோட்டம் பல மடங்கு கூடியது. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர், ஆர்.ஓ. நீரைத் தன் மக்களுக்கு வழங்கத் தொடங்கியது. உப்பு நீர் மட்டுமே ஊறும் அந்த ஊருக்கு ஒரு காலத்தில் குடிநீர் ரயிலில் வந்துகொண்டிருந்தது. சௌரிராஜன் பின்னர் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல்லாண்டுகள் இதே துறையில் உழைத்தார். கோடிக்கணக்கான இந்தியச் சமையலறைகளைத் தொட்ட ஒரு கண்டுபிடிப்பின் பின்னால் இருக்கும் இந்தப் பெயர் நம் பாடநூல்களில் ஏன் இல்லை என்று நான் பல முறை கேட்டதுண்டு.

இன்று நம் வீட்டுக் கருவியில் இருப்பது 1970-களில் ஜான் கடாட் உருவாக்கிய அடுத்த தலைமுறைச் சவ்வு. பாலியெஸ்டர் துணி, அதன் மேல் நுண்துளைப் பாலிசல்ஃபோன், அதற்கும் மேல் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள பாலியமைடு. மெக்கானிக் ‘மெம்ப்ரேன்’ என்று கையில் எடுத்துக் காட்டும் வெள்ளைக் குழல், இந்தத் தாளை வலைத்துணியோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டியதுதான். உப்பு நீர் சுருளின் நீளவாக்கில் ஓடுகிறது. சவ்வைக் கடந்த நீர் சுற்றிச் சுற்றி நடுக்குழாயை வந்தடைகிறது.

இந்தச் சுருளுக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? நம் வீடுகளில் கணக்கு உதைப்பது இங்கேதான். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 14 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். மேல் தளத்துச் சமையலறைக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே மூன்று, நான்கு மீட்டர்தான் உயர வித்தியாசம், அதாவது 5 பிஎஸ்ஐ. ஆயிரம் மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரின் சவ்வூடு அழுத்தமோ சுமார் 10 பிஎஸ்ஐ. தொட்டியின் அழுத்தத்தை மட்டும் நம்பினால் ஒரு சொட்டுக்கூட சவ்வைத் தாண்டாது. அமெரிக்க நகரக் குழாய்களில் பொதுவாக 40 முதல் 60 பிஎஸ்ஐ வரை இருப்பதால், அங்கே மோட்டாரே இல்லாத ஆர்.ஓ. பல வீடுகளில் ஓடுகிறது. நம் கருவிக்குள் 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் இருப்பதன் காரணம் மொட்டை மாடித் தொட்டிதான். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பிய பம்ப் இல்லாத கருவியைப் பொருத்திவிட்டு, தண்ணீர் வரவில்லையே என்று தவிப்பவர்களுக்கும் இதுவே விடை.

பம்ப்புக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றின் வரிசையும் காரணத்தோடு அமைந்ததே. முதலில் ஐந்து மைக்ரான் வண்டல் வடிகட்டி மணலையும் துருவையும் பிடிக்கும். பிடிக்காவிட்டால் அவை பம்ப்பின் வால்வுகளைத் தேய்த்துவிடும். அடுத்தது கரி. கரியை நாற்றம் போக்கும் பொருளாக மட்டுமே பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் அதன் தலையாய வேலை குளோரினை அழிப்பது. மெட்ரோ தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் அதே குளோரின், பாலியமைடு சவ்வின் பிணைப்புகளையும் அரித்துவிடும். கரிக் குழலை மாற்றச் சோம்பி, அதைப் போல் பல மடங்கு விலையுள்ள சவ்வை இழப்பது வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. அப்போது தண்ணீர் வரத்து குறையாது, சொல்லப்போனால் கூடும். உப்பும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கேட்டை டி.டி.எஸ். மீட்டர் காட்டிவிடும்.

சவ்வுக்குள் நுழைவது ஒரு நீர், வெளியேறுவது இரண்டு. ஆர்.ஓ. கருவியைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். துணியில் வடிகட்டும்போது அழுக்கு துணியில் தங்குகிறது. இங்கே உப்பு எங்கும் தங்கக் கூடாது. தங்கினால் சுண்ணாம்பாகப் படிந்து சவ்வை அடைத்துவிடும். அதைக் கழுவிக்கொண்டு போக ஒரு நீரோட்டம் எப்போதும் வேண்டும். 800 மில்லிகிராம் உள்ள தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் 40 மில்லிகிராம் உள்ள குடிநீராக வருகிறது. மீதி உப்பு முழுவதையும் எஞ்சிய இரண்டு லிட்டர் சுமக்க வேண்டும். 2400-இல் 40 போனால் 2360. இரண்டால் வகுத்தால் லிட்டருக்கு 1180. வெளியேறும் நீர் புதிதாக எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நம் போர் தண்ணீரே ஒன்றரை மடங்கு செறிந்திருக்கிறது, அவ்வளவுதான். தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் பாத்திரத்தை முதல் கழுவலுக்கும் தாராளமாக ஆகும். தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். உப்பைத் தாங்கும் தென்னைக்கு ஊற்றலாம்.

அந்த இரண்டு லிட்டரைக் குறைக்க முடியாதா? தீர்ப்பாயம் முதலில் 60 சதவீதமும் பின்னர் 75 சதவீதமும் குடிநீராக மீட்க வேண்டும் என்றது. 75 சதவீதம் மீட்டால் எஞ்சிய நீர் நான்கு மடங்கு செறியும். கடினத்தன்மை 500 உள்ள போர் தண்ணீர் சவ்வின் கடைசி முனையில் 2000 ஆகிவிடும். கால்சியம் கார்பனேட் படியாமல் இருக்காது. கழிவுக் குழாயில் பொருத்தியிருக்கும் சிறு உருளைக்குள் நூலளவுப் பாதை ஒன்று உண்டு. ‘ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்’ என்பார்கள். சவ்வுக்குள் அழுத்தத்தை நிறுத்தி வைப்பதும், கழிவின் அளவைத் தீர்மானிப்பதும் அதுதான். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் நல்ல எண்ணத்தில் சிலர் அந்தக் குழாயை மடக்கிக் கட்டுகிறார்கள். சில மாதங்களில் சவ்வு வெள்ளை பூத்துச் செத்துப்போகும். கடின நீர் வரும் வீட்டில் மீட்பைக் கூட்ட வேண்டுமானால், முன்னதாகவே நீரை மென்மையாக்கியாக வேண்டும். கழிவைக் குறைக்க முடியாத வீட்டில் அதை வீணாக்காமல் இருக்கலாம். அதற்கான வழியைப் பொருத்தும் நாளிலேயே போட வேண்டும்.

பொருத்துவது கடினமான வேலை இல்லை. அவசரப்படக் கூடாத வேலை. சிங்க்குக்கு அடியில் இரண்டு ஆங்கிள் வால்வுகள் இருந்தால் ஒன்று கீசர் இணைப்பாக இருக்கலாம். பெரும்பாலான வீட்டுச் சவ்வுகள் 45 டிகிரிக்கு மேல் தாங்காது. எது குளிர்ந்த நீர் என்று திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அதை மூடி, வால்வுக்கும் சிங்க் குழாய்க்கும் நடுவே பித்தளைக் கிளை ஒன்றைச் சேர்க்க வேண்டும். டெஃப்லான் டேப்பை மரை முறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரிந்துவிடும்.

கசிவுகளில் பல, கால் அங்குலக் குழாயை வெட்டிய விதத்திலிருந்து பிறப்பவை. கத்தரிக்கோலால் நறுக்கினால் குழாய் நசுங்கி நீள்வட்டமாகும். அழுத்திப் பொருத்தும் இணைப்புக்குள் ஒரு ரப்பர் வளையமும், குழாயைக் கவ்விக்கொள்ளும் எஃகுப் பற்களும் இருக்கின்றன. வட்டம் கெட்ட முனை பற்களில் மாட்டிக்கொள்ளும், ஆனால் வளையத்தில் சரியாக உட்காராது. அன்று கசியாது, பம்ப் ஓடி அழுத்தம் ஏறிய ஏதோ ஓர் இரவில் சொட்டத் தொடங்கி, அலமாரிப் பலகை உப்பிய பிறகே தெரியவரும். கூரிய பிளேடால் செங்குத்தாக வெட்டி, முனையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடு மறையும்வரை தள்ளினால் போதும். மின்சாரப் பிளக்கும் அடாப்டரும் குழாய்களுக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கட்டும். சிங்க்கின் பாட்டில் ட்ராப்புக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம்.

தனிக் குழாய்க்குக் கிரானைட்டில் துளை போடுவதை வைரமுனைத் துளைப்பான் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டும். சூடேறினால் கல் விரிசல் விடும். அந்தக் குழாயை ஈயம் கலவாத, முடிந்தால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். இதற்கும் ஒரு வேதியியல் காரணம் உண்டு. தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு சவ்வை எளிதாகக் கடந்துவிடும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டைச் சவ்வு நிறுத்திவிடும். ஆகவே ஆர்.ஓ. நீர் சற்றே அமிலத்தன்மையோடு வெளிவருகிறது. அப்படிப்பட்ட நீர் மலிவான பித்தளையிலிருந்து ஈயத்தைக் கரைத்தெடுக்கக்கூடியது.

கழிவுக் குழாயை சிங்க்கின் சாக்கடைக் குழாயில் துளைபோட்டுச் செருகிவிடுவது வழக்கம். சாக்கடை அடைத்துக்கொண்டு நீர் எதிரே ஏறினால் அது கருவியைத் தொட வாய்ப்பிருக்கிறது. குழாய் முனைக்கும் சாக்கடைக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்க வேண்டும். என் பரிந்துரை, அதே கால் அங்குலக் குழாயைச் சுவரோரமாக இழுத்து, துணி துவைக்கும் இடத்தில் மூடியுள்ள டிரம் ஒன்றில் விடுவதுதான். கழிவு நீர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அதைப் பயன்படுத்தும் பழக்கம் வீட்டில் தானாக வரும். பழுதும் தெரியும்: கருவியின் சேமிப்புத் தொட்டி நிறைந்து பம்ப் நின்ற பிறகும் டிரம்மில் சொட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே வரும் நீரை நிறுத்தும் சோலினாய்டு வால்வு மூடவில்லை.

பல கருவிகளில் ‘டி.டி.எஸ். கன்ட்ரோலர்’ என்று ஒரு திருகு இருக்கும். ஆர்.ஓ. நீரின் சுவை தட்டையாக இருக்கிறது என்பவர்களுக்காக, சவ்வைத் தொடாத நீரைக் கொஞ்சம் கலக்கும் வழி அது. உங்கள் நீரில் உப்பு மட்டும்தான் அதிகம் என்று ஆய்வகம் சொல்லியிருந்தால் திறக்கலாம். ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அந்தத் திருகை முழுவதும் மூடிவிட வேண்டும். எதை விலக்கப் பணம் கொடுத்தோமோ அதையே அது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

பொருத்தி முடித்ததும் வரும் முதல் தண்ணீர் குடிப்பதற்கானதல்ல. கரிக் குழலிலிருந்து கறுப்புத் தூள் வரும். சவ்வுக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்தத் தூளை முன்பே வெளியே ஓடவிட வேண்டும். சவ்வு கெடாமலிருக்க அதில் சோடியம் பைசல்ஃபைட் தடவி அனுப்பியிருக்கலாம். முதல் ஒன்றிரண்டு தொட்டி நீரைக் கொட்டிவிட்டு, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து தேதியோடு அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். 800 உள்ளே, 40 வெளியே என்றால் 95 சதவீத உப்பு நின்றிருக்கிறது. மாதம் ஒரு முறை அளந்து அந்தச் சதவீதத்தைக் கணக்கிட்டால் போதும். வெளியே வரும் எண்ணை மட்டும் பார்ப்பது ஏமாற்றும், ஏனென்றால் மழைக்காலத்தில் உள்ளே வரும் எண்ணும் இறங்கிவிடும். சதவீதம் 85-க்குக் கீழே போகத் தொடங்கினால் சவ்வை மாற்றும் காலம் வந்துவிட்டது. அதுவரை ‘சர்வீஸ் தேதி முடிந்துவிட்டது’ என்று வரும் தொலைபேசி அழைப்புக்காகச் சவ்வை மாற்ற வேண்டியதில்லை. வண்டல், கரிக் குழல்களைக் காலத்தோடு மாற்றிவிடுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆங்கிள் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும். குளோரின் நீங்கிய தண்ணீர் தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தால் கிருமி வளரத் தடையில்லை. திரும்பி வந்ததும் தேங்கிய நீர் முழுவதையும் டிரம்முக்கு வடித்துவிட்டு, தொட்டி ஒரு முறை நிரம்பிக் காலியான பிறகு குடிக்கத் தொடங்கலாம்.